ஒன்றரைச் சாண் நூல்

ஜீவரத்தினம் சார் வீட்டு உலக உருண்டையில் வடதுருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பித்தளைத் திருகாணி இருந்தது. பள்ளிக்கூடத்தில் புது உருண்டை வாங்கியபோது பழையதைத் தூக்கிப் போடப் போனார்கள். பூகோள வாத்தியாரான இவர் குறுக்கே விழுந்து அதை வாங்கி, தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். வழியில் பார்த்தவர்கள் பரங்கிக்காய் என்று நினைத்தார்களாம். வீட்டில் புஷ்பம், "உலகத்தையே கொண்டாந்துட்டீங்க சரி, உப்பு வாங்கிட்டு வரச் சொன்னேனே, அது எங்கே?" என்று கேட்டாள். உப்பை அவர் மறந்தே போயிருந்தார்.

அந்த உருண்டைக்கு வேலை வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில். சார் அப்போது ரிட்டயர் ஆகியிருந்தார். அடுத்த வீட்டு செல்வமேரியின் மகன் சவுரிமுத்துவுக்குக் குவைத்தில் சமையல் வேலை கிடைத்தது. செல்வமேரியின் புருஷன் அந்தோணிசாமி டாக்சி ஓட்டுகிறவர். எத்தனையோ பேரை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டவர்தான், ஆனால் தன் பிள்ளை என்றதும் அவருக்கே கை கால் ஓடவில்லை. செல்வமேரியோ ஒப்பாரி வைக்காத குறை, அடுப்பு மூட்டவே இல்லை. சத்தம் தாங்காமல் சார் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். புஷ்பத்திடம் ஒரு நூல் கேட்டார். அவள் தையல் பெட்டியிலிருந்து உருவி, பல்லால் கடித்துக் கொடுத்தாள். நூலின் ஒரு முனையை மெட்ராஸில் வைத்து அழுத்தி, மறுமுனையைக் குவைத்துக்கு இழுத்துப் பிடித்தார். அந்த நூலைப் பூமத்திய ரேகையில், தானே மைல் குறித்து ஒட்டியிருந்த காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தார். ப்ளேனின் வேகத்தால் வகுத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலு மணி நேரம். இதுக்கா இந்த அழுகை? மாட்டு வண்டியில கூடுவாஞ்சேரி போற நேரம்தாம்மா."

"மெய்யாலுமா சார்?"

"கணக்கு பொய் சொல்லுமா?"

அந்தோணிசாமி தொடையில் தட்டினார். "ஷோக்கா சொன்னே சார்! கேட்டுக்கினியா மேரி? கூடுவாஞ்சேரி ஒரு தூரமா? இதுக்குப் போய் பேஜார் பண்ணிக்கினு கீறியே!"

செல்வமேரி மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுப் போய் உலை வைத்தாள்.

அவ்வளவுதான், சேதி பரவிவிட்டது. சேலையூரிலிருந்து வந்தார்கள், செம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். பிள்ளையை லண்டனுக்கு அனுப்பிய தாய், ஆப்பிரிக்காவுக்கு வாத்தியார் வேலைக்குப் போகும் மகனின் தாய், கப்பல்காரனுக்குப் பெண் கொடுத்த தாய். எல்லாருக்கும் ஒரு நூல். எல்லாருக்கும் ஒரு கணக்கு. லண்டனா, பாட்டி வீட்டுக்குப் போக ராத்திரி ரயில் ஏறி விடிகாலையில் இறங்குவதில்லையா, அதுதான். ஆப்பிரிக்காவா, தோசைக்கு மாவரைத்துப் பொங்கவைத்துச் சுட்டெடுக்கும் நேரம். தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். சாருக்கு இதில் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே?

ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சார் ஜென்மத்தில் ப்ளேன் ஏறியவர் இல்லை. அவர் சொன்னது, ஒரு ப்ளேன் எங்கும் இறங்காமல் மூக்கு நேரே பறந்தால் ஆகிற நேரம். நடு ஊரில் இறங்குவது, பெஞ்சில் காத்துக் கிடப்பது, வேறு ப்ளேன் மாறுவது, டிக்கெட் கிடைக்காமல் நிற்பது, இதெல்லாம் நூலில் வராது. வந்த தாய்மார்களுக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. அழுகை நிற்க ஒரு வார்த்தை போதும், அதை அவர் சொன்னார். தப்பு என்று திரும்பி வந்து யாரும் சண்டை போடவும் இல்லை.

எழுபத்தொன்றில் அந்த நூல் அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. ஒரே மகள் யூனிஸ். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. புஷ்பம் செல்வமேரி மாதிரி அழுகிறவள் இல்லை. தானே தையல் பெட்டியைத் திறந்தாள், தானே நூலைக் கடித்தாள், அவர் முன்னால் நீட்டினாள்.

சாருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போயிற்று. "எல்லாரும் மேற்கே பார்த்துப் போகணும்னு நினைப்பாங்க புஷ்பம். அதான் இல்லை. இங்க பாரு, நேரே வடக்கே, வடதுருவத்துக்கு மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கினா வின்னிபெக். அதுதான் குறுக்கு வழி. வடதுருவத்து மேல ப்ளேன் பறக்குதுன்னு பேப்பர்லயே வந்திருக்கு." திருகாணி இடறி நூல் வழுக்கி வழுக்கி விலகியது. கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "பதினாலரை மணி நேரம்! நீ ராத்திரி படுத்து எழுந்து, காலைப் பலகாரம் முடிக்கிறதுக்குள்ள பிள்ளை அங்கே போய் இறங்கிடுவா."

புஷ்பம் அந்த நூலை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்து நீவினாள். ஒன்றரைச் சாண்கூட இல்லை. "இவ்வளவுதானா?" என்றாள். தன் வேதப்புத்தகத்துக்குள் அதை வைத்துக்கொண்டாள்.

மீனம்பாக்கத்தில் வழியனுப்புகிறவர்கள் நிற்கும் மாடியில் இரண்டு பேரும் நின்றார்கள். யூனிஸ் ஏறிய பம்பாய் ப்ளேன் எழும்பி மேற்கே பார்த்துப் போயிற்று. புஷ்பம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "போகப் போகத் திரும்பிடும்," என்றார் சார்.

பெண்ணின் முதல் கடிதத்தில், வழியில் மூன்று ப்ளேன் மாறியதும், லண்டனில் பெட்டி காணாமல் போய் ராத்திரியும் பகலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததும் எழுதியிருந்தது. சார் அதற்கும் அசரவில்லை. முதல் தடவை என்பதால் பாஸ்போர்ட் காகிதம் பார்க்கச் சுற்றி அழைத்துப் போயிருப்பார்கள், அவசரம் என்றால் நேர் ப்ளேனில் ஏற்றி விட்டுவிடுவார்கள் என்றார். யார் சொன்னது உங்களுக்கு என்று புஷ்பம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன கணக்கை அவள் சரிபார்த்ததே கிடையாது. பாவி மனுஷி, நம்பினாள்.

எழுபத்து மூன்று கிறிஸ்துமஸுக்கு முன்னால் புஷ்பத்தின் கால் வீங்கத் தொடங்கியது. இரண்டு பாத்திரம் தேய்ப்பதற்குள் மூச்சு வாங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு இருதயம் பழுதாகியிருக்கிறது என்றார். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, சாரைத் தனியே அழைத்து, "வெளிநாட்டுல பொண்ணு இருக்குன்னு சொன்னீங்க இல்ல? ஒருவாட்டி வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க," என்றார்.

அன்று சாயங்காலமே புஷ்பமும் கேட்டாள். அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால் அவர் கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனார்.

"ஏங்க, யூனிஸை வரச் சொல்லுங்களேன். பார்க்கணும் போல இருக்கு."

"மே மாசம் அவளுக்குப் பரீட்சை. அது பாஸ் பண்ணினாத்தான் அந்த ஊர்ல நர்ஸா நிலைக்க முடியும். இப்பக் கூப்பிட்டா எல்லாம் கெட்டுப்போகும். பரீட்சை முடியட்டும்."

"அதுக்குள்ள எனக்கு ஏதாவது..."

"சும்மா இரு. அப்படி ஒரு அவசரம்னா ஒரு தந்தி, மறுநாள் வாசல்ல நிப்பா. பதினாலரை மணி நேரம். செங்கல்பட்டுல இருக்கிற ஊரார் வீட்டு மகன்கூட அவ்வளவு சீக்கிரம் வரமாட்டான், தெரியுமா?"

அவள் சிரித்தாள். "நீங்க சொன்னா சரிதாங்க."

மகளுக்கு எழுதிய கடிதங்களில் அம்மாவுக்குக் கொஞ்சம் கால் வீக்கம் என்றதோடு நிறுத்திக்கொண்டார். பிள்ளை படிக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தில்தானே மனிதன் பெரிய தப்புகளையெல்லாம் செய்கிறான்.

பிப்ரவரியில் புஷ்பத்தால் படுக்க முடியாமல் போனது. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்த்துவைத்தால்தான் மூச்சு வந்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் அவளுடைய உதடு நீலமாக இருப்பதைப் பார்த்தார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு தாம்பரம் தந்தி ஆபீசுக்குச் சைக்கிளை மிதித்தார். அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படு.

திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். "தந்தி குடுத்துட்டேன். நாளைக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துருவா."

அந்த முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்க்க வேண்டுமே! செல்வமேரியைக் கூப்பிட்டுத் தலை வாரிவிடச் சொன்னாள். பச்சைக் கரை போட்ட சேலையை எடுத்து மாற்றிக்கொண்டாள். மறுநாள் கோவளத்திலிருந்து பஸ்ஸில் வரும் மீன்காரியிடம் யூனிஸுக்குப் பிடித்த வவ்வால் மீன் வாங்கி வறுத்துவைக்கச் சொன்னாள். "எனக்கு அசதியில தூக்கம் வந்துட்டா உலுக்கி எழுப்பிடுங்க. அவ வர்றப்ப நான் முழிச்சுக்கிட்டு இருக்கணும்," என்று அவரிடம் சொல்லிவைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் அவள் கண் அசரவே இல்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எழப் பார்த்தாள்.

மத்தியானத்துக்கு மேல் சார் அந்தோணிசாமியின் டாக்சியில் மீனம்பாக்கம் போனார். டாக்சியை வெளியே நிறுத்திவிட்டு அந்தோணிசாமி காத்திருக்க, இவர் உள்ளே போய் கவுண்டரில் இருந்த பையனிடம் வின்னிபெக் ப்ளேன் எப்போது வரும் என்று கேட்டார்.

"எங்கேயிருந்து சார்?"

"வின்னிபெக். கனடா. வடதுருவம் வழியா வர்ற ப்ளேன்."

அவன் சிரித்துத் தொலைத்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். சிரிக்கவில்லை. கிழவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தடிமனான டைம்டேபிள் புத்தகத்தை எடுத்துப் பொறுமையாகப் புரட்டினான்.

"அப்படி ஒரு ப்ளேன் மெட்ராஸுக்குக் கிடையாது சார். அங்கேயிருந்து டொரன்டோ வரணும். அப்புறம் லண்டன், அப்புறம் பம்பாய், அப்புறம்தான் மெட்ராஸ். ஒவ்வொரு இடத்துலயும் காத்திருக்கணும். இப்ப அங்கே பனி வேற. தந்தி பார்த்தவுடனே கிளம்பியிருந்தாக்கூட ஞாயித்துக்கிழமைக்கு முன்னால வர முடியாது."

"கிளம்பியிருந்தாலும்?"

"ஆமா சார். இப்ப எங்கேயாவது வழியிலதான் இருப்பாங்க."

சார் டைம்டேபிள் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அவன் சொன்ன ஊர்களை விரலால் தொட்டுப் பார்த்தார். நூல் வழுக்கி வழுக்கி விலகியதும், தான் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்ததும் நினைவுக்கு வந்தன.

வெளியே அந்தோணிசாமி ஓடி வந்தார். "இன்னா சார் சொன்னாங்கோ? பாப்பா வந்துகினு கீதா?"

"லேட்டாம்," என்றார் சார்.

வீட்டுக்குள் நுழையும்போதே வறுத்த மீன் வாசனை வந்தது. புஷ்பம் தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செல்வமேரி விசிறிக்கொண்டு நின்றாள். அவருக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று புஷ்பம் எட்டிப் பார்த்தாள்.

"வரலையா?"

"இன்னும் வரலை."

"பதினாலரை மணி நேரம் எப்பவோ ஆயிடுச்சேங்க."

அவர் திரும்பி வாசல் கதவைச் சாத்தினார். அவள் மூச்சை இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அவ கிளம்பலை போல."

இல்லை புஷ்பம், என் கணக்குதான் தப்பு, பிள்ளை வழியில்தான் இருக்கிறாள். வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்றது. கொட்டியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஆனால் செல்வமேரி விசிறியை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அந்த நாலு மணி நேரத்தை நம்பித் தூங்குகிறவள் அவள். மகன் வீடு வந்து பல வருஷமாகியும், கூடுவாஞ்சேரி தூரம்தானே, நினைத்தால் வந்துவிடுவான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறவள். அவள் எதிரில், என் நூல் பொய் என்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. இந்த ஊரில் அவருக்கு இருந்த ஒரே மதிப்பு அது. இவள் போகட்டும், தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"கொஞ்சம் கஞ்சி குடி," என்றார்.

"பரீட்சை இல்ல? படிக்கட்டும்," என்றாள் புஷ்பம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதுவரை பிடித்துவைத்திருந்த தூக்கம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. செல்வமேரி போன பிறகு அவர் கிட்டே போய் உட்கார்ந்தார். தூங்குகிறாளே, விடியட்டும் என்று விட்டுவிட்டார். உலுக்கி எழுப்பச் சொல்லியிருந்தாள், எழுப்பவில்லை. விடிந்தபோது புஷ்பம் இல்லை.

கோயில் குருவானவர் வந்து ஜெபம் பண்ணினார். முற்றத்தில் நாற்காலிகள் போட்டார்கள். சாரின் நூலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன தாய்மார்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அடக்கம் எப்போது என்ற பேச்சு எழுந்ததும், குருவானவர் இயல்பாக அவரிடம்தான் கேட்டார்.

"யூனிஸ் எப்ப வருவா சார்?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அந்த ஊரில் எந்தப் பிள்ளை எப்போது வரும் என்று சொல்லக்கூடிய ஒரே மனுஷர்.

"தெரியலை," என்றார்.

அந்தோணிசாமி கிட்டே வந்து குனிந்தார். "சார், நா சொல்றத கேளு. கோவளத்துல மீனுக்குப் போடுற ஐஸ் கீது. தவுட்டைப் போட்டு உருகாம எடுத்தாந்துடறேன். நாளிக்கி வரைக்கும் தாங்கும். பாப்பா அவுங்க அம்மா மொகத்தைப் பாத்துடட்டும் சார். பொட்டியை மூடிட்டா அப்பால கெடைக்குமா?"

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்று அந்தப் பையன் சொன்னான். ஞாயிறு வருவாள் என்று சொல்லவில்லையே. திங்களா, செவ்வாயா? பனியில் மாட்டிக்கொண்டிருந்தால்? இனி ஒரு நேரத்தைச் சொல்லி அதை ஊர் நம்பிக் காத்திருக்கவைக்க அவருக்குத் திராணி இல்லை. "வேண்டாம் அந்தோணிசாமி. அவ எப்ப வருவான்னு எனக்குத் தெரியாது. எடுத்துடலாம்," என்றார். இருட்டுவதற்கு முன்னால் புஷ்பத்தைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். வறுத்த மீனை செல்வமேரி பூனைக்குப் போட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால ஆராதனைக்கு மணி அடிக்கும் நேரத்தில் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. யூனிஸ் இறங்கினாள். இந்த வெயிலில் கனமான குளிர்க்கோட்டு ஒன்று கையில் தொங்கியது. முற்றத்தில் இன்னும் எடுக்காமல் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தாள். கோட்டு கீழே விழுந்தது.

"எப்பப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"நேத்து," என்றார்.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் வெச்சிருக்கக் கூடாதா?" என்று அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். தந்தி கிடைத்தபோது டியூட்டியில் இருந்தாளாம். யூனிஃபார்மோடு ஏரோடிராமுக்கு ஓடியிருக்கிறாள். டொரன்டோவில் பனியால் நின்று, லண்டனில் இடம் கேட்டுக் கெஞ்சி, பம்பாயில் கடைசி ஆளாக ஏறியிருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல சார் ஒவ்வொரு ஊருக்கும் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். மண் இன்னும் ஈரமாக இருந்தது. அம்மாவின் வேதப்புத்தகத்தை யூனிஸ் கொண்டுவந்திருந்தாள். ஒரு சங்கீதம் வாசிக்க அதைப் பிரித்தாள். பக்கங்களுக்கு நடுவில், நீவி நீவிப் பளபளத்துப்போன ஒரு வெள்ளை நூல் கிடந்தது.

"என்னப்பா இது?"

"உன் தூரம்," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. நூலை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, வந்து இறங்கியதிலிருந்து கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள். "அம்மா கடைசில என்னைத் தேடினாங்களாப்பா? நான் வர்றேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எத்தனை தாய்மார்களுக்கு அப்படிச் சொன்ன வாய் அது! ஆனால் ஜீவரத்தினம் சார் மகளைப் பார்க்காமல், அந்த மண்ணைப் பார்த்துப் பேசினார். அடுத்த அறையில் இருக்கிறவளிடம் சொல்வது மாதிரி, கொஞ்சம் உரக்க.

"புஷ்பம், என் கணக்கு தப்பு. பிள்ளை தந்தி பார்த்த அன்னைக்கே கிளம்பிட்டா. நீ கேட்டப்ப அவ வழியிலதான் இருந்தா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லலை."

யூனிஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார். அவள் விலகி, நூலை வேதப்புத்தகத்துக்குள் வைத்து மூடிக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவே முன்னால் நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். வாசல் கேட்டருகே போனதும் அவள் நின்றாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.